காந்த சிகிச்சைக்கு முன்னால் ஒரு கைக்கண்ணாடி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குத் தண்டையார்பேட்டை. என் வீட்டுக்காரருக்கு 36 வயது. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். ஒன்பது மாதத்துக்கு முன்னால் விடியற்காலையில் வண்டியில் வீட்டுக்கு வரும்போது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் தட்டிவிட்டது. வலது காதிலிருந்து ரத்தம் வந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்து, இடது பக்க மண்டை எலும்பை எடுத்து வயிற்றில் வைத்தார்கள். இன்னும் திருப்பி வைக்கவில்லை. இரண்டாவது மாதம் கண் திறந்தார். பேச்சு இல்லை, சொன்னதைச் செய்வதில்லை. வலது கையும் காலும் அசையவே இல்லை. இடது கை மட்டும் சில நேரம் போர்வையை இழுக்கும். மூக்கு டியூப் வழியாகத்தான் சாப்பாடு. நடுவில் இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வெஜிடேட்டிவ் ஸ்டேட்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் அடுப்படிக்குப் போனால் அவர் கண் என் பின்னாலேயே வருகிறது. சின்னவள் 'அப்பா' என்று கூப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது. அதெல்லாம் தானாக வருவது என்கிறார்கள். இப்போது ஒரு சென்டரில், மூளைக்குக் காந்தம் வைத்தால் நினைவு திரும்பும், 30 சிட்டிங், ஒன்றரை லட்சம் என்கிறார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது எட்டு பவுன். வைக்கலாமா? ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். அவருக்குக் கேட்குமா? எங்கள் அறையின் போட்டோவும் மாத்திரைச் சீட்டும் அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை)

பதில்:

தங்கச்சி, எட்டு பவுனை இப்போது வைக்க வேண்டாம். காந்த சிகிச்சை பொய் என்று நான் சொல்லவில்லை. அது நிஜமான மருத்துவக் கருவிதான். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில், அதற்கு முன்னால் செய்து முடித்திருக்க வேண்டியவை நாலைந்து இன்னும் பாக்கி நிற்கின்றன. அவற்றில் எதற்கும் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. அதையெல்லாம் விட, அவர் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறார் என்பதையே யாரும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கவில்லை என்று உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது. நிலை தெரியாமல் எந்த சிகிச்சைக்கும் விலை பேச முடியாது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, அடுப்படி வரை உங்கள் பின்னாலேயே வருகிற அந்தக் கண். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தலையில் பலத்த அடிபட்டவர் முதலில் கோமாவில் இருப்பார். கண்ணே திறக்காது. சில வாரத்தில் கண் திறந்து, தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். கண் திறந்திருந்தும் தன்னையோ சுற்றியுள்ளதையோ அறிகிற அடையாளம் எதுவும் இல்லையென்றால், அதைத்தான் வெஜிடேட்டிவ் ஸ்டேட் என்று எழுதிவந்தார்கள். ஒரு மனுஷனைக் குறிக்க அப்படி ஒரு சொல்லா என்று பலருக்கும் உறுத்தியது. 2010-ல் ஐரோப்பிய மருத்துவர்கள் அதை மாற்றி, 'விழிப்பு உண்டு, எதிர்வினை இல்லை' என்கிற பொருளில் வேறு பெயர் வைத்தார்கள். நம் கேஸ் ஷீட்டுகளில் பழைய பெயர்தான் இன்னும் ஓடுகிறது. இதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. உணர்வு கொஞ்சம் இருக்கும். வரும், போகும். காலையில் இருப்பது மத்தியானம் இருக்காது. லோ வோல்டேஜில் டியூப்லைட்டின் இரண்டு முனையும் சிவந்து, விட்டு விட்டு எரியுமே, அந்த மாதிரி. இதைக் குறைந்தபட்ச உணர்வு நிலை என்கிறோம். 2002-ல்தான் இதற்குத் தனி வரையறை எழுதினார்கள். இந்த இரண்டாவது படிக்கு ஒருவர் வந்துவிட்டார் என்பதற்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கிற அடையாளம் எது தெரியுமா? நகர்கிற ஒன்றைக் கண் விடாமல் தொடர்ந்து போவது. நீங்கள் எழுதியது அதையேதான்.

உடனே அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் தற்செயலாகவும் அலையும். ஆனால் 'தானாக வருவது' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதும் தப்பு. 2009-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், வார்டில் வழக்கம்போலப் பார்த்து வெஜிடேட்டிவ் என்று முடிவு கட்டியிருந்த 44 பேரை, அதற்கென்றே உள்ள அளவுகோலை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். 18 பேருக்கு உணர்வின் அடையாளம் இருந்தது. பத்துக்கு நாலு பேர். அந்த மருத்துவர்கள் அசட்டையானவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வருகிற வெளிச்சம், அவர்கள் ரவுண்ட்ஸ் வந்த நேரத்தில் வரவில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வியாசர்பாடியில் ஒரு வீடு. 22 வயதுப் பையன், பைக் விபத்து. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். மல்லாக்கப் படுத்திருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கையை அழுத்தச் சொன்னேன், நகத்தைக் கிள்ளினேன். கையை இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான். 'எதிர்வினை இல்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். மறு வாரம் அவன் அம்மா ஒரு வீடியோ கொண்டுவந்து காட்டினார். காலை ஆறரை மணி, பையனைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல நகர்த்துகிறார். பையன் கண் கண்ணாடியோடே ஓரம் வரை போய், அவர் திருப்பியதும் கூடவே திரும்பி வருகிறது. மூன்று தடவை. ஃபிட்ஸ் மாத்திரையைக் கரைத்து விட்டு, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்தில், படுத்த வாக்கில் அவனைப் பார்த்து எழுதியவள் நான். அன்றிலிருந்து, ஒரே ஒரு முறை பார்த்து எந்த வீட்டிலும் நான் எதையும் எழுதுவதில்லை.

எங்கள் அளவுகோலில் ஆறு பகுதிகள்: கேட்பது, பார்ப்பது, கைகால் அசைவு, வாய், தொடர்புகொள்வது, விழிப்பு. மொத்தம் 23 மதிப்பெண். நம்பகமான முடிவுக்கு, இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து தடவையாவது செய்ய வேண்டும். ஆளை உட்கார வைத்து, நன்றாக விழித்திருக்கிற நேரத்தில். அதைச் செய்யப் பயிற்சி வேண்டும், அது எங்கள் வேலை. ஆனால் கண்ணாடிப் பகுதியை நீங்களே வீட்டில் பார்த்து எழுதி வைக்கலாம். எழுதியும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கைக்கண்ணாடி போதும். காலையில் முகம் துடைத்து, முதுகுக்கு முட்டுக்கொடுத்து, தலை சாயாமல் உட்கார வையுங்கள். டிவியை நிறுத்துங்கள், பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள். அவர் முகத்துக்கு நாலைந்து அங்குலம் முன்னால், அவர் முகமே அவருக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடியைப் பிடியுங்கள். பேசாதீர்கள். உங்கள் குரலுக்கா கண்ணாடிக்கா கண் திரும்பியது என்று பிறகு பிரிக்க முடியாது. மெல்ல, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் கொண்டுபோங்கள், நடுவுக்கு வந்து வலப்பக்கம், பிறகு மேலே, கீழே. இதே மாதிரி இரண்டு சுற்று. கண் விட்டுவிடாமல் கூட வந்ததா, பாதியில் விட்டதா என்று ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். வராத நாளையும் எழுதுங்கள், அதுவும் எனக்கு வேண்டும். யாராவது செல்போனில் பிடித்தால் இன்னும் நல்லது. கண்ணாடி எதற்கு, விரலோ பேனாவோ போதாதா என்று கேட்கலாம். பேனாவுக்கு அசையாத கண், தன் முகத்தைக் கண்டால் அசைகிறது. இதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். மனுஷனுக்குத் தன் முகமும் தன் பேரும் மற்ற எல்லாவற்றையும் விட முந்தி எட்டுகின்றன.

சின்னவள் கூப்பிட்டால் வருகிற கண்ணீரைப் பற்றி. கண்ணீர் மட்டும் சாட்சியாகாது. கண் சிமிட்டல் குறைந்தால் காய்ந்து நீர் வழியும், இருமினாலும் வழியும். அது எதற்கு வருகிறது, எதற்கு வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருநாள் சின்னவளை விட்டு 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லுங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில், அதே குரலில், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். 'அப்பா'வுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணீர் வந்து, எண்ணுக்கு வரவில்லையென்றால், அது குறைந்தபட்ச உணர்வின் வரையறையிலேயே இருக்கிற அடையாளம். குழந்தையை இதற்காகப் பழக்க வேண்டாம். அவளுக்கு விளையாட்டாக இருக்கிற வரை போதும்.

இன்னொன்று. 'சொன்னதைச் செய்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு எடுத்தது இடது பக்கம். வலது கை கால் விழுந்திருக்கிறது. அடிபட்டது மூளையின் இடது பாதியில். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் பேச்சைப் புரிந்துகொள்வதும் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டுக்காரருக்கு உணர்வு இருந்தும், 'கையைத் தூக்கு' என்கிற வார்த்தை மட்டும் புரியாமல் இருக்கலாம். தமிழே தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி. அவரை வார்த்தையால் மட்டும் சோதித்து ஃபெயில் போடுவது அநியாயம். இடது கையில் ஒரு சீப்பைக் கொடுத்துப் பாருங்கள். சும்மா பிடித்துக்கொள்கிறாரா, தலைப்பக்கம் கொண்டுபோகிறாரா? வேறொரு நாள் டம்ளர். சுக்கான் பிடித்த கை அது, பழக்கம் வார்த்தைக்கு முன்னால் வரும். சீப்பைச் சீப்பாகவும் டம்ளரை டம்ளராகவும் அவர் கையாண்டால், அன்றைக்கே எனக்குத் தகவல் வர வேண்டும். அது குறைந்தபட்ச உணர்வையும் தாண்டிய மூன்றாவது படி.

இனி காந்தம். மைக்கேல் பாரடே 1831-லேயே காட்டியது இதுதான்: மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்சாரத்தைக் கிளப்பும். 1985-ல் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், அந்தோணி பார்க்கரும் கூட இருந்தவர்களும் கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, வெளியிலிருந்தே மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். அங்கே சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இங்கே விரல் துடித்தது. இன்றைய கருவியும் அதேதான். எட்டு வடிவச் சுருள், 'டக் டக்' என்று சத்தம், ஒவ்வொரு தட்டும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அந்த நொடித்துணுக்கில் காந்தத்தின் பலம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் அளவுக்கு இருக்கும். ஆழம் மட்டும் குறைவு, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நேராக எட்டாது. மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-ல் அனுமதி கிடைத்தது, நம் ஊர் மனநல மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். காந்தப் பட்டை, காந்தத் தண்ணீர் என்று விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உணர்வு இழந்தவர்களுக்கு இது ஏன் உதவலாம் என்று நினைக்கிறார்கள்? மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு சந்திப்பு. அதுவும் நெற்றிப் பக்க மேல்பரப்பும் ஓயாமல் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால்தான் நாம் விழித்த மனுஷராக இருக்கிறோம். பலத்த அடியில் அந்தச் சுற்றில் பல செல்கள் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பவை உயிரோடு இருந்தும் தட்டுவாரில்லாமல் அடங்கிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து இடது நெற்றிக்கு மேலே தட்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சுற்று மறுபடி ஓடாதா என்பது எண்ணம். நியாயமான எண்ணம். ஆனால் எண்ணம் சிகிச்சையாவதற்குச் சோதனை தேறி வர வேண்டும். இதுவரை வந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், பலவும் பத்து இருபது பேரை வைத்துச் செய்தவை. சிலவற்றில் மதிப்பெண் ஏறியிருக்கிறது. அவற்றில் பலவற்றில், சுருளை வைத்து நிஜமாகத் தட்டாமல் சத்தம் மட்டும் எழுப்பிப் பார்க்கிற போலித் தூண்டல் ஒப்பீடு இல்லை. அந்த ஒப்பீட்டோடு இத்தாலியில் 11 வெஜிடேட்டிவ் நோயாளிகளிடம் கை அசைவுப் பகுதியைத் தூண்டிப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதன் பங்காளி ஒன்று உண்டு, நெற்றியில் பட்டை வைத்து மெல்லிய மின்சாரம் விடுவது. பெல்ஜியத்தில் 55 பேரை வைத்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தபட்ச உணர்வு இருந்த 30 பேரில் 13 பேர் புதிதாக ஏதோ ஒரு அடையாளம் காட்டினார்கள். 20 நிமிடத் தூண்டலுக்குப் பிறகு, அந்த நேரத்துக்கு. உணர்வே தெரியாதவர்களுக்கு அந்த மாதிரி கிடைக்கவில்லை. தூண்ட வேண்டிய இடத்தில் திசு மிச்சமிருந்தவர்களுக்குத்தான் பலன் என்பதும் பிறகு தெரிந்தது. ஆகவே 'நினைவு திரும்பும்' என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, தங்கச்சி. நல்லபடியாகப் பலித்தாலும் அது எழுந்து உட்கார்ந்து பேர் சொல்வதாக இருக்காது. நேற்றுவரை வராத கண் இன்று கண்ணாடியோடு வரும், எச்சிலை நன்றாக விழுங்குவார், அந்த அளவு.

உங்கள் வீட்டுக்காரருக்கென்று தனியாகவும் பயம் இருக்கிறது. சென்டர்கள் வழக்கமாகச் சுருள் வைக்கிற இடம் இடது நெற்றிக்கு மேலே. அவருக்கு அங்கேதான் எலும்பே இல்லை. எலும்பு இல்லாத இடத்தில் சுருளுக்கும் மூளைக்கும் உள்ள தூரமே மாறிவிடும், எவ்வளவு மின்சாரம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்ப்பது கஷ்டம். காயம்பட்ட மூளை, அதில் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபிட்ஸ். காந்தத் தூண்டலின் பெரிய ஆபத்தே ஃபிட்ஸ்தான். நல்ல மூளையில் அது அபூர்வம், இப்படிப்பட்ட மூளையில் அந்த நம்பிக்கையோடு இருக்க முடியாது. அந்த சென்டரில் சி.டி. ஸ்கேனைக் கேட்டார்களா? ஃபிட்ஸ் வந்ததா என்று கேட்டார்களா? தலைக்குள் கிளிப், நீரை வடிக்கிற குழாய் (ஷன்ட்), காதுக்குள் கருவி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்களா? எதையும் கேட்காமல் சிட்டிங் கணக்கும் ரூபாய் கணக்கும் மட்டும் சொன்னவர்களிடம், இலவசமாகச் செய்தாலும் போகாதீர்கள்.

இப்போது பாக்கி நிற்கிற வேலைகள். முதலாவது அந்த எலும்பு. போட்டோவில் இடப்பக்கத் தலை உள்வாங்கிப் பள்ளமாகத் தெரிகிறது. எலும்பு இல்லாமல் வெளிக்காற்றின் அழுத்தம் தோல் வழியாக நேரே மூளைமேல் விழும், ரத்த ஓட்டமும் நீரோட்டமும் கெடும். எலும்பைத் திருப்பி வைத்த பிறகு முகத்தில் தெளிவு கூடின ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது மாதமாக வைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். வயிற்றில் வைத்த எலும்பு நாள்பட நாள்படக் கரையவும் கூடும். ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய், பழைய ஸ்கேனோடு புது சி.டி. எடுக்கச் சொல்லுங்கள். அதே ஸ்கேனில் மூளைக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அடிபட்ட பல மாதம் கழித்தும் நீர் கோக்கும், ஆளை மந்தமாக்கும், ஷன்ட் வைத்தால் சரியாகும். இதை விட்டுவிட்டு மேலே காந்தம் வைப்பது, அடைத்த சாக்கடையைத் தூர்வாராமல் தெருவைக் கழுவுவது போல.

இரண்டாவது மாத்திரைச் சீட்டு. பினோபார்பிட்டோன் இருவேளை, குளோனசிபாம் ராத்திரி, இறுக்கத்துக்கு பாக்லோஃபென் மூவேளை. மூன்றும் தூக்கம் தருபவை. எழுப்ப வேண்டிய ஆளை நாமே தாலாட்டிக்கொண்டிருக்கிறோம். மூளை நரம்பியல் டாக்டரிடம் சீட்டைக் காட்டி, ஃபிட்ஸுக்கு மந்தம் குறைந்த மாத்திரைக்கு மாற்ற முடியுமா, மற்றதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகும். இதை அழுத்திச் சொல்கிறேன். கூடவே, மூளையின் மின்னோட்டத்தைப் பதிகிற இ.இ.ஜி. ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். வெளியே உடம்பு துடிக்காமல் உள்ளேயே ஓடுகிற ஃபிட்ஸும் உண்டு, அதுவும் ஆளை இப்படியே வைத்திருக்கும்.

மருந்து என்று கேட்டால் ஒன்று இருக்கிறது: அமாண்டடின். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பழைய மாத்திரை. விபத்தில் மூளை அடிபட்ட 184 பேரிடம் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். நாலு வாரம் கொடுத்தபோது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். 2018-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த நோயாளிகளுக்கென்று பரிந்துரைத்த மருந்தும் இதுதான். அந்தச் சோதனை அடிபட்டு 4 முதல் 16 வாரத்துக்குள் இருந்தவர்களிடம் நடந்தது, உங்கள் வீட்டுக்காரர் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டார். இதுவும் ஃபிட்ஸைத் தூண்டக்கூடும். ஆனாலும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான். அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொன்னது. விபத்தில் அடிபட்டவருக்கு 12 மாதம் ஆகிற வரை 'நாள்பட்டது' என்றே முத்திரை குத்தக் கூடாது, 'நிரந்தரம்' என்ற சொல்லே வேண்டாம் என்று. உங்களுக்கு ஒன்பதுதான் ஆகிறது.

காந்தத்தைப் பற்றி எனக்கு ஆர்வம் மூட்டுகிற விஷயம் வேறு. சிகிச்சையாக அது இன்னும் தேறவில்லை, ஆனால் கேள்வி கேட்கிற கருவியாக நன்றாகத் தேறியிருக்கிறது. மிலன் நகரத்தில் மார்செல்லோ மாசிமினியின் குழு, காந்தத்தால் மூளையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எதிரொலியை இ.இ.ஜி.யில் கேட்டது. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர் மூளையில், தட்டின இடத்திலேயே ஒரு முனகலோடு அடங்கிவிடுகிறது. விழித்திருப்பவர் மூளையில், ஒரு வீட்டில் சொன்ன சேதி தெரு முழுக்கப் பரவி ஆளாளுக்கு வேறு வேறு மாதிரி பேசுவதுபோல, எங்கெங்கோ போய்ச் சிக்கலாக ஒலிக்கிறது. அந்தச் சிக்கலை எண்ணாக்கி 2013-ல் வெளியிட்டார்கள். வாய் பேசாத, விரல் அசையாத ஆளின் உணர்வை, அவர் ஒத்துழைப்பே இல்லாமல் அளக்கிற முயற்சி அது. இப்போதைக்கு ஆராய்ச்சிக் கூடங்களின் வேலை, உங்களை அங்கே அனுப்ப முடியாது. ஆனாலும் ஏன் சொல்கிறேன் என்றால், வெளியே ஒன்றும் தெரியாதவர் உள்ளே இருக்கக்கூடும் என்பது இன்று வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் 2006-ல் ஒரு பெண்ணை ஸ்கேனில் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்' என்றார். வெஜிடேட்டிவ் என்று எழுதப்பட்டிருந்த அவள் மூளையில் அதற்கான பகுதி ஸ்கேனில் ஒளிர்ந்தது. 2024-ல் பல நாட்டு ஆய்வில், சொன்னதற்கு உடம்பால் எதுவும் செய்யாத 241 பேரில் 60 பேருக்கு, ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ சொன்னதற்கு மூளை வேலை செய்தது தெரிந்தது. நாலில் ஒருவர்.

இதையெல்லாம் முடித்த பிறகு, எலும்பு வைத்தாகி, ஃபிட்ஸ் அடங்கி, ஐந்து தடவை பார்த்து இவர் குறைந்தபட்ச உணர்வில் இருக்கிறார் என்று தெரிந்து, இடது நெற்றிப்பக்கத்தில் திசு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனும் சொன்னால், காந்தத் தூண்டலைப் பற்றிப் பேசலாம். நெறிமுறைக் குழு அனுமதியோடு ஆய்வாக நடக்கிற இடத்தில், முன்னும் பின்னும் மதிப்பெண் போட்டு. அப்படிப்பட்ட ஆய்வில் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

போக வேண்டிய இடம் தூரமில்லை. உங்களுக்கு ஸ்டான்லி பக்கம், சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் மூளை நரம்பியல் துறை. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது, எலும்பு வைத்த பிறகு அங்கே கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்கள், உங்கள் பகுதி நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் இப்போதே எழுதிப்போடுங்கள். டிரெய்லர் மேல் இழப்பீட்டு வழக்குப் போடவில்லையென்றால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, ஏற்கெனவே தாமதம்.

கடைசியாக நீங்கள் கேட்டது. ராத்திரி பேசுவது அவருக்குக் கேட்குமா?

அன்றைக்கு ரத்தம் வந்தது வலது காதில். மண்டையின் அடி எலும்பு உடைந்தால் அப்படி வரும், அந்தக் காது கேட்காமல் போய்விடுவதும் உண்டு. தூங்கினாலும் எடுக்கக்கூடிய காது நரம்புப் பரிசோதனை இருக்கிறது, பெரா என்பார்கள். ஓ.பி.யில் கேட்டு எடுத்துவிடுங்கள். இடது காது பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அசைகிற கையும் இடது. இடது மூளை அடிபட்டால் வலப்பக்கத்தில் இருப்பதைக் கண் தவறவிடுவதும் உண்டு. கேட்கிற காது, அசைகிற கை, நன்றாகப் பார்க்கிற பக்கம் மூன்றுமே இடதுதான். ஆனால் போட்டோவில் உங்கள் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. சுவர் இருப்பது அவருக்கு இடப்பக்கம். அடுப்படி, வாசல், பிள்ளைகள், நீங்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வலப்பக்கம். அந்த நிலையிலும் அவர் கண் உங்களைத் தேடி அடுப்படி வரை வந்திருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆண்களைக் கூப்பிட்டு, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிக் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். இடப்பக்கம் அறையைப் பார்க்கட்டும். நாற்காலியை அந்தப் பக்கம் வையுங்கள். முதலில் அவர் பேரைச் சொல்லுங்கள், வீட்டில் கூப்பிடுகிற பேரை. பத்து எண்ணிக்கை காத்திருங்கள். அப்புறம், கரைக்கு இன்றைக்கு எந்தப் போட் வந்தது, என்ன மீன் பட்டது என்று தொடங்குங்கள்.